பிளஸ் ஒன் பிசிக்ஸ்: ஃபார்முலா தலைகீழா ஒப்பிக்கிறாங்க, கணக்கு மட்டும் நகர மாட்டேங்குது

கொழிஞ்சாம்பாறை கீதா

பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், பிளஸ் ஒன்னில் நேரா இங்கிலீஷ் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம். நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா பக்கம் நிறையப் பிள்ளைங்களுக்கு இதுதான் வழி. இயக்கச் சமன்பாடு மூணையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா நாலு வரியில் ஒரு கணக்கு கொடுத்தா பேனா அப்படியே நின்னுடுது. நான் கொடுத்த கணக்கு இது:

"வாளையாறு – கஞ்சிக்கோடு காட்டுப்பாதையில் ஒரு ரயில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வருகிறது. 400 மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் யானை நிற்பதை லோகோ பைலட் பார்க்கிறார். 2 வினாடி கழித்து பிரேக் பிடிக்கிறார். எதிர்முடுக்கம் 0.5 மீ/வினாடி². (அ) ரயில் யானைக்கு முன்னால் நிற்குமா? (ஆ) நிற்காது என்றால் யானை நிற்கும் இடத்துக்கு வரும்போது வேகம் என்ன? (இ) அதிகபட்சம் எந்த வேகத்தில் வந்திருந்தால் நின்றிருக்கும்?"

வந்த விடைகள் மூணு வகை.

ஒண்ணு: 90-ஐ அப்படியே போட்டு 8100 மீட்டர்.

ரெண்டு: யூ (தொடக்க வேகம்) = 25, டி (நேரம்) = 2, ஏ (முடுக்கம்) = −0.5, யூ டி + ½ ஏ டி² போட்டு 49 மீட்டர். "49 மீட்டரில் நின்றுவிடும், யானை பிழைத்தது."

மூணு: 25² ÷ (2 × 0.5) = 625 மீட்டர். நிற்காது.

மூணாவது ஆளுக்கு முடிவு சரி, வழி அரைகுறை. எல்லாருமே "கொடுத்தது, கேட்டது, சூத்திரம், பிரதியிடல், விடை"ன்னு அழகாத்தான் எழுதியிருக்காங்க. எங்கிருந்து பிடிச்சுத் திருத்தறதுங்க?

மீனாட்சிபுரம் மாஷ்

டீச்சர், முதல் வகை வெறும் அலகுப் பிழை. மணிக்கு 90 கி.மீ.யை 5/18 ஆல் பெருக்கினால் 25 மீ/வினாடி, அது பழகப் பழகச் சரியாகும். நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியது இரண்டாவது வகையை.

அந்தப் பிள்ளை கணக்கில் "2 வினாடி" என்று பார்த்தது. நேரம் என்றால் டி. டி இருக்கிற சமன்பாடு எது? யூ டி + ½ ஏ டி². முடிந்தது. ரயிலையும் பார்க்கவில்லை, யானையையும் பார்க்கவில்லை. எண்ணையும் எழுத்தையும் ஜோடி சேர்த்துவிட்டது. அந்த 2 வினாடி பிரேக்கே பிடிக்காத 2 வினாடி. பிரேக் இல்லாத நேரத்தையும் பிரேக்கின் முடுக்கத்தையும் ஒரே சமன்பாட்டுக்குள் போட்டால் எந்த ரயிலுக்கும் பொருந்தாத ஒரு எண் வரும். 49 அப்படிப்பட்ட எண்.

மூன்று சமன்பாடும் முடுக்கம் மாறாமல் இருக்கும் ஒரு கட்டத்துக்கு உள்ளேதான் செல்லும். இதைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது, பிள்ளைகளும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால் சூத்திரத்துக்கு முன்னால் மூன்று கேள்வி: எந்தப் பொருள்? எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை? எந்தத் திசை கூட்டல்?

இந்தக் கணக்குக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அதில் மூன்று புள்ளி: பார்த்த கணம், பிரேக் பிடித்த கணம், நின்ற கணம். புள்ளிகளுக்கு இடையில் இரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே ஐந்து அளவு.

முதல் கட்டம்: யூ 25, வி (முடிவு வேகம்) 25, ஏ 0, டி 2, எஸ் (இடப்பெயர்ச்சி) = 50.

இரண்டாம் கட்டம்: யூ 25, வி 0, ஏ −0.5, டி தெரியாது, எஸ் தெரியாது.

ஐந்தில் மூன்று தெரிந்தால் மற்ற இரண்டும் வந்துவிடும். வி² = யூ² + 2 ஏ எஸ் போட்டால் எஸ் = 625. மொத்தம் 675 மீட்டர். 400-க்குள் நிற்காது.

(ஆ)வுக்கு இரண்டாம் கட்டத்தின் முடிவுப் புள்ளி மாறுகிறது. "நின்ற கணம்" போய் "யானை இருக்கும் இடத்துக்கு வந்த கணம்" வருகிறது. இப்போது எஸ் = 400 − 50 = 350. வி² = 625 − 350 = 275, வி = 16.6 மீ/வினாடி, மணிக்கு ஏறத்தாழ 60 கி.மீ. இங்கே 350-க்குப் பதில் 400 போடுகிறவர்கள்தான் அதிகம். கோடு போட்டவர்கள் போடுவதில்லை.

(இ)யில் யூ தெரியாது. 2யூ + யூ² ÷ (2 × 0.5) = 400. அதாவது யூ² + 2யூ − 400 = 0. யூ = −1 + √401 = 19.02 மீ/வினாடி, மணிக்கு 68.5 கி.மீ. இன்னொரு வேர் −21. ரயில் யானையை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொண்டுதான் சமன்பாடே எழுதினோம், அதனால் அது இங்கே பொருந்தாது.

நீட் ரிப்பீட்டர்

மாஷே, கோடு போட்டு, புள்ளி வெச்சு, ரெண்டு கட்டம் பிரிச்சு... நீட்ல 180 கேள்விக்கு 180 நிமிஷம். பிசிக்ஸ் மட்டும் 45. இதுக்கு ஷார்ட்கட் ஒரே வரி: நிற்கும் தூரம் = யூ × ரியாக்ஷன் டைம் + யூ²/2ஏ. மனப்பாடம் பண்ணிட்டா பத்து செகண்ட்ல முடிஞ்சுடும்.

மீனாட்சிபுரம் மாஷ்

தம்பி, அந்த வரி சரிதான். நான் மேலே போட்ட இரண்டு கட்டத்தையும் எண் போடாமல் எழுத்திலேயே கூட்டினால் வருவது அதுதான். (ஆ)வை அதை வைத்துப் போட்டுக் காட்டு. அந்த வரியில் ரயில் நின்றே ஆக வேண்டும். (ஆ)வில் ரயில் நிற்கவில்லை.

அந்த வரியை எழுத்தாக வைத்திருப்பதில் வேறொரு லாபம் இருக்கிறது. முதல் உறுப்பு யூ, இரண்டாவது யூ². வேகம் இரண்டு மடங்கானால் ரியாக்ஷன் தூரம் இரண்டு மடங்கு, பிரேக் தூரம் நான்கு மடங்கு. இதே ரயில் மணிக்கு 45 கி.மீ.யில் வந்தால், அதாவது 12.5 மீ/வினாடி: 25 + 156.25 = 181.25 மீட்டர். 90-ல் 50 + 625. எண்ணை முதலிலேயே போட்டுவிட்டால் இது கண்ணில் படாது. விடை வரும், விடை ஏன் அப்படி என்பது வராது.

வாளையாறு சிக்னல்

அந்த 45 சும்மா எடுத்த எண் இல்லைங்க. வாளையாறு காட்டுப் பகுதியில் யானைக்காக ராத்திரி ரயில்களுக்கு வெச்சிருந்த வேகக் கட்டுப்பாடே மணிக்கு 45 கி.மீ.தான். ஏன் 45-னு கேக்கிற பிள்ளைக்கு மாஷ் போட்ட 181 போதும்.

ஒண்ணு மட்டும் சேர்த்துக்கிறேன். நிஜ ரயிலில் எதிர்முடுக்கம் பிரேக் பிடிச்ச நொடியே முழுசா வந்துடாது. ஏர் பிரேக்கில் குழாய்க் காற்றழுத்தம் குறையறது எஞ்சின்ல இருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் போய்ச் சேரச் சில வினாடி ஆகும். கணக்கில் "எதிர்முடுக்கம் 0.5"னு மொட்டையாக் கொடுத்திருந்தா, அது மாறாதுன்னு நாமளா எடுத்துக்கிறதுதான். அதையும் ஒரு வரி எழுதிட்டு ஆரம்பிச்சா நல்லது.

வண்ணாமடை ரஃபீக்

கீதா டீச்சர், இங்கிலீஷ் கணக்கில் பிள்ளைங்க மாட்டறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. கொடுத்த அளவுல பாதி எண்ணா இருக்காது, வார்த்தையா இருக்கும். "கொடுத்தது" பட்டியல் போடறப்ப எண்ணை மட்டும் பொறுக்கி எடுத்தா பாதி தகவல் கீழே விழுந்துடும். நம்ம டியூஷன் சுவத்துல ஒட்டியிருக்கறது:

ஸ்டார்ட்ஸ் ஃப்ரம் ரெஸ்ட்: யூ = 0.
ஸ்மூத்: உராய்வு இல்லை.
லைட் ஸ்ட்ரிங்: கயிற்றுக்கு நிறை இல்லை, அதனால கயிறு முழுக்க ஒரே இழுவிசை. கப்பிக்கும் நிறையும் உராய்வும் இல்லைன்னாத்தான் ரெண்டு பக்கமும் ஒண்ணு. கப்பிக்கு நிறை கொடுத்திருந்தா ரெண்டு பக்கமும் வேற வேற இழுவிசை.
இன்எக்ஸ்டென்சிபிள்: கயிறு நீளாது, ரெண்டு முனையிலும் முடுக்கத்தோட அளவு ஒண்ணு.
ஜஸ்ட் ஸ்லைட்ஸ்: உராய்வு தன் உச்சத்தைத் தொட்டாச்சு.
லூசஸ் காண்டாக்ட்: தொடுற பரப்பு தர்ற செங்குத்து விசை 0.
கான்ஸ்டன்ட் வெலாசிட்டி: மொத்த விசை 0. விசையே இல்லைன்னு அர்த்தம் கிடையாது.
ஸ்லோலி: இயக்க ஆற்றலைக் கணக்குல எடுக்க வேண்டாம்.

பட்டியல்ல ரொம்பப் பேரைக் கவுக்கறது "டிராப்டு". மேலே ஏறிட்டிருக்கிற பலூன்ல இருந்து கல்லை "டிராப்" பண்ணினா யூ = 0 இல்லை. கைவிட்ட கணத்துல கல்லுக்கு பலூனோட வேகம் இருக்கு, மேல்நோக்கி. டிராப்னா பூஜ்யம்னு மனசுல பதிஞ்சுட்டா அந்தக் கணக்கு போச்சு.

கொழிஞ்சாம்பாறை கீதா

ரஃபீக் சார், இதை அப்படியே எழுதி எங்க சுவத்துலயும் ஒட்டிடறேன்.

மாஷ், கட்டம் பிரிக்கறதுல ஒரு சந்தேகம். கல்லை மேலே எறிஞ்சா ஏறுற வரைக்கும் ஒரு கட்டம், இறங்குறது இன்னொரு கட்டம்னு பிரிக்கறாங்க. சிலர் இறங்கும்போது ஜியோட (புவியீர்ப்பு முடுக்கம்) குறியை மாத்திடறாங்க. இங்க பிரிக்கணுமா, வேண்டாமா?

மீனாட்சிபுரம் மாஷ்

பிரிக்க வேண்டியதில்லை. முடுக்கம் மாறினால்தான் புதுக் கட்டம், வேகத்தின் திசை மாறினால் இல்லை. உச்சியில் கல்லின் வேகம் 0. முடுக்கம் அப்போதும் 10, கீழ்நோக்கித்தான். ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் பூமி அதே மாதிரிதான் இழுக்கிறது.

நம் ஊர்க் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் 20 மீட்டர் கீழே. சுவர் மட்டத்திலிருந்து கல்லை 15 மீ/வினாடியில் மேலே எறிகிறோம். எப்போது தண்ணீரில் விழும்?

சுவர் மட்டம் 0, மேல்நோக்கி கூட்டல். யூ = +15, ஏ = −10, எஸ் = −20. எஸ் என்பது கல் சுற்றிய தூரம் இல்லை, தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம். இதைச் சொல்லாமல் விட்டால் 11.25 ஏறி 31.25 இறங்கியது 42.5 என்று போட்டுவிடுவார்கள்.

−20 = 15டி − 5டி². டி² − 3டி − 4 = 0. டி = 4 அல்லது −1. விடை 4 வினாடி.

நம்பிக்கை இல்லாதவர்கள் பிரித்துப் பார்க்கட்டும்: ஏற 1.5 வினாடி, உயரம் 11.25 மீட்டர், அங்கிருந்து 31.25 மீட்டர் விழ 2.5 வினாடி. கூட்டினால் 4. பிரித்தால் தப்பில்லை, வேலைதான் இரண்டு மடங்கு, குறி தவற இரண்டு இடம்.

−1 வினாடியும் குப்பை இல்லை. எறிவதற்கு ஒரு வினாடி முன்னால் தண்ணீர் மட்டத்திலிருந்து 25 மீ/வினாடியில் ஒரு கல் கிளம்பியிருந்தால், சுவரைத் தாண்டும்போது அதன் வேகம் சரியாக 15 இருந்திருக்கும். சமன்பாட்டுக்கு நாம் எப்போது எறிந்தோம் என்று தெரியாது, அது முழுப் பாதையையும் சொல்கிறது.

ரஃபீக் சொன்ன பலூன் 15 மீ/வினாடியில் ஏறும்போது, 20 மீட்டர் உயரத்தில் கல்லை விட்டாலும் இதே சமன்பாடு, இதே 4 வினாடி. கிணறும் பலூனும் ஒரே கணக்கு என்று தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு அதற்குப் பிறகு நீங்கள் பெரிதாக ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

நீட் ரிப்பீட்டர்

ஜி 10-ஆ 9.8-ஆ?

மீனாட்சிபுரம் மாஷ்

தாளில் கொடுத்தது. கொடுக்கவில்லை என்றால் ஆப்ஷன்களைப் பார். முழு எண்ணாக இருந்தால் 10.

கோவிந்தாபுரம் காவியா

விசைக் கணக்குக்கு வரலாமா? அங்கே நடக்கிற கூத்து வேற மாதிரி. நிறையை எழுதுவாங்க, மியூ-வை (உராய்வுக் குணகம்) எழுதுவாங்க, உடனே உராய்வு = மியூ × செங்குத்து விசைன்னு போட்டுடுவாங்க. பொள்ளாச்சி ரோட்டுல தினமும் பாக்கிற காட்சியையே கணக்கா வைக்கிறேன்.

லாரியின் தட்டையான தளத்தில் 50 கிலோ மூட்டை, கயிறு கட்டவில்லை. நிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3. லாரி 2 மீ/வினாடி² முடுக்கத்தில் கிளம்புது. மூட்டை மேல் உராய்வு எவ்வளவு, எந்தத் திசையில்?

பெரும்பாலான விடை: 0.4 × 500 = 200 நியூட்டன், பின்னோக்கி. அளவும் தப்பு, திசையும் தப்பு.

மூட்டையை மட்டும் தனியா எடுத்து வரையணும். அதுமேல மூணே விசை: கீழே எடை 500 நியூட்டன், மேலே தளம் தர்ற செங்குத்து விசை 500, பக்கவாட்டுல உராய்வு. வேற எதுவும் மூட்டையைத் தொடலை. "எஞ்சின் விசை"னு ஒரு அம்பு போட்டுடுவாங்க. எஞ்சின் மூட்டையைத் தொடறதே இல்லை. லாரியோட சேர்ந்து மூட்டையும் முன்னே போகணும்னா அதை முன்னே தள்ள யாராவது வேணுமே? இருக்கிறது உராய்வு ஒண்ணுதான். அதனால உராய்வு முன்னோக்கி. "உராய்வு எப்பவும் இயக்கத்தை எதிர்க்கும்"ங்கிறதுதான் இங்க வில்லன். உராய்வு எதிர்க்கறது தளத்துக்கும் மூட்டைக்கும் நடுவுல நடக்கிற வழுக்கலை.

இப்ப அளவு. முதல்ல வழுக்கலைன்னு வெச்சுக்கோங்க. மூட்டைக்கும் 2 மீ/வினாடி² வேணும். தேவையான விசை 50 × 2 = 100 நியூட்டன். தளத்தால அதிகபட்சம் தர முடிஞ்சது 0.4 × 500 = 200. தேவை வரம்புக்குள்ள இருக்கு, அதனால நாம நினைச்சது சரி, உராய்வு 100. கடைசிப் பைசா வரைக்கும் கறந்தாத்தான் மியூ × செங்குத்து விசை.

லாரி 5 மீ/வினாடி²ல கிளம்பினா? தேவை 250, வரம்பு 200. வழுக்கும். வழுக்கினதும் இயக்க உராய்வு: 0.3 × 500 = 150 நியூட்டன், இதுவும் முன்னோக்கித்தான். மூட்டையோட முடுக்கம் 3, லாரியோட முடுக்கம் 5. லாரியில நின்னு பாத்தா மூட்டை 2 மீ/வினாடி²ல பின்னால நகரும். பின்விளிம்பு 4 மீட்டர்ல இருந்தா: 4 = ½ × 2 × டி², டி = 2. ரெண்டே வினாடியில மூட்டை ரோட்டுல.

பிரேக் பிடிக்கும்போதும் அதே வரம்பு: 4 மீ/வினாடி²க்கு மேல பிடிச்சா மூட்டை கேபினை நோக்கி வரும். 54 கி.மீ. வேகம்னா 15 மீ/வினாடி; மூட்டை நகராம நிறுத்தக் குறைஞ்சது 225 ÷ 8 = 28 மீட்டர் வேணும். 50 கிலோவோ 500 கிலோவோ, இந்த 28 மாறாது. நிறை ரெண்டு பக்கமும் இருக்கு, அடிபட்டுப் போயிடும்.

போர்வெல் செல்வம்

வேலை, ஆற்றல் பாடத்துல நம்ம ஏரியாவுக்குனே ஒரு கணக்கு இருக்குதுங்க. பிள்ளைங்க தோட்டத்துல தினமும் பாக்கறதுதான், ஆனா பேப்பர்ல வந்தா முழிக்குதுங்க.

போர் ஆழம் 600 அடி. மோட்டார் இறக்கியிருக்கறது 400 அடியில. மோட்டார் ஓடும்போது தண்ணி நிக்கற மட்டம் 200 அடி. மேல் டேங்க் தரையில இருந்து 30 அடி. மோட்டார் 5 எச்.பி., எஃபிஷியன்சி 60 சதவீதம். 1000 லிட்டர் டேங்க் ரொம்ப எவ்வளவு நேரம்?

மூணு ஆழம் கொடுத்திருக்கே, எதை எடுக்கறது? இங்கதான் மாட்டுவாங்க. 600 வெறும் ஓட்டையோட ஆழம், கணக்குக்கு வேண்டவே வேண்டாம். 400-ம் வேண்டாம், ஏன்னா 400-ல இருந்து 200 வரைக்கும் சுத்தி நிக்கற தண்ணியே தன் அழுத்தத்தால தள்ளிக் கொடுத்துடும். மோட்டார் சொந்தமாத் தூக்கறது தண்ணி மட்டத்துல இருந்து டேங்க் வரைக்கும்: 230 அடி, ஏறக்குறைய 70 மீட்டர்.

1 எச்.பி. = 746 வாட். 5 எச்.பி. 3730 வாட். அதுல 60 சதவீதம் 2238 வாட். ஒரு லிட்டர்னா ஒரு கிலோ, அதை 70 மீட்டர் தூக்க 1 × 10 × 70 = 700 ஜூல். வினாடிக்கு 2238 ÷ 700 = 3.2 லிட்டர். 1000 லிட்டருக்கு 313 வினாடி, அஞ்சே கால் நிமிஷம்.

600 அடியைப் போட்டவனுக்கு 14 நிமிஷம் சொச்சம் வரும். கணக்கு மட்டும் பாத்தா பிழை தெரியாது, எல்லா ஸ்டெப்பும் சரியா இருக்கும். எது தூக்குது, எங்க இருந்து எங்க தூக்குதுன்னு கேட்டாத்தான் தெரியும். மாஷ் சொன்ன அதே "எங்கிருந்து எங்க வரைக்கும்"தானுங்க இங்கயும்.

எஃபிஷியன்சியைப் பெருக்கறதா வகுக்கறதான்னு முழிக்கிறவங்களுக்கு: தண்ணிக்குப் போய்ச் சேர்றது எப்பவும் கம்மியாத்தான் இருக்கணும். பெருக்கி 2238 வருதா, சரி. வகுத்து 6217 வந்தா மோட்டார் காத்துல இருந்து கரண்டு எடுக்குதுன்னு அர்த்தம்.

வண்ணாமடை ரஃபீக்

அடி, மீட்டர் வந்ததால ஒண்ணு. 1970 பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவுல கேரளத்துக்கு வர வேண்டியது ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வருஷம் பூரா சமமா விட்டா வினாடிக்கு எத்தனை கனமீட்டர்?

டி.எம்.சி.ன்னா நூறு கோடி கனஅடி. 725 கோடி கனஅடியை 3,15,36,000 வினாடியால வகுத்தா சுமார் 230 கனஅடி. இதுவரைக்கும் எல்லாரும் வந்துடுவாங்க. அடுத்து 0.3048-ஆல ஒரு தடவை பெருக்கி 70 கனமீட்டர்னு எழுதுவாங்க. கனஅடின்னா நீளம், அகலம், ஆழம் மூணையும் மாத்தணும்: 0.3048³ = 0.0283. விடை 6.5 கனமீட்டர். பத்து மடங்குக்கு மேல தப்பு, ஒரே ஒரு மூணு விட்டதால. சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டர் ஆக்கும்போது 100-ஆல மட்டும் வகுக்கிறதும் இதே வியாதிதான்.

கொழிஞ்சாம்பாறை கீதா

எல்லாம் சரிங்க. பரீட்சைப் பேப்பர்ல சூத்திரத்துக்கு மார்க், பிரதியிடலுக்கு மார்க், அலகோட விடைக்கு மார்க். கோடும் படமும் போட்டுட்டு நேரமில்லாம விட்டா மார்க் போயிடுமே? அந்த அஞ்சு வரிசையை விடச் சொல்றீங்களா?

கோவிந்தாபுரம் காவியா

விட வேண்டாம் அக்கா. அது எழுதிக் காட்டுற வரிசை, யோசிக்கிற வரிசை கிடையாது. படத்தை மார்ஜின்ல பென்சில்ல அரை நிமிஷத்துல போட்டுட்டு, அப்புறம் அஞ்சு வரிசையில எழுதட்டும். விசைக் கணக்குல படத்துக்கும் மார்க் வர வாய்ப்பிருக்கு.

மீனாட்சிபுரம் மாஷ்

நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். "கொடுத்தது" பட்டியலைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன், படம் வந்த பிறகு எழுதட்டும். படம் இல்லாத பட்டியல் எண்களுக்குச் சூத்திரம் தேடும் பழக்கத்தைத்தான் வளர்க்கிறது.

1981-ல் சீ, ஃபெல்டோவிச், கிளேசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இயந்திரவியல் கணக்குகளைக் கொடுத்து, ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து அடுக்கச் சொன்னார்கள். புதிதாகப் படிப்பவர்கள் சாய்தளம் ஒரு அடுக்கு, சுருள்வில் ஒரு அடுக்கு என்று வைத்தார்கள். தேர்ந்தவர்கள் ஆற்றல் மாறா விதி ஒரு அடுக்கு, நியூட்டனின் இரண்டாம் விதி ஒரு அடுக்கு என்று வைத்தார்கள். கண்ணில் படும் சாமானை வைத்துக் கணக்கை அடையாளம் காண்பதுதான் நம் பிள்ளைகளும் செய்வது.

இதையே பயிற்சியாக்கலாம். பாடக் கடைசியில் உள்ள கணக்குகளில் ஒரு பத்தை எடுத்து, எதையும் போடாமல், "எத்தனை கட்டம், எந்த விதி, ஏன்" என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். நேரம் கேட்டால் பெரும்பாலும் விசையும் முடுக்கமும். நேரமே வராமல் தூரமும் வேகமும் மட்டும் வந்தால் ஆற்றல். மோதல், வெடிப்பு என்றால் உந்தம். பாடத் தலைப்பை மறைத்துவிட்டுக் கொடுங்கள், தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடும்.

தீர்த்துக் காட்டிய கணக்கைப் படிக்கும்போதும் அடுத்த வரியைக் காகிதத்தால் மூடிக்கொண்டு, "இனி என்ன எழுதுவார்" என்று சொல்லிவிட்டுத் திறக்கட்டும். சும்மா படித்தால் எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும்.

நீட் ரிப்பீட்டர்

சரி மாஷே, ஒத்துக்கிறேன். ஆனா எம்.சி.க்யூ.வுக்கு ஒரு வழி நானும் சொல்றேன். கப்பியில ரெண்டு நிறை தொங்குற கணக்கு, ஆப்ஷன் எல்லாம் எழுத்துல. ரெண்டு நிறையும் சமம்னு வெச்சா முடுக்கம் 0 வரணும், ஒரு நிறை 0-ன்னா ஜி வரணும். இந்த ரெண்டையும் தாங்கற ஆப்ஷன் பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். முழுசாப் போடவே வேண்டாம். அலகு பொருந்தாத ஆப்ஷனை அதுக்கு முன்னாடியே அடிச்சுடலாம்.

மீனாட்சிபுரம் மாஷ்

அருமையான வழி தம்பி, நீளமாகப் போட்ட விடையைச் சரிபார்க்கவும் அதுவேதான். இப்போது உனக்கு ஒரு கணக்கு. அதே ரயில், அதே 90, அதே 2 வினாடி, அதே 0.5. யானை நிற்கவில்லை, தண்டவாளத்திலேயே ரயில் போகும் திசையில் 5 மீ/வினாடியில் ஓடுகிறது. பார்த்த கணத்தில் இடைவெளி 430 மீட்டர். தப்பிக்குமா?

நீட் ரிப்பீட்டர்

ரயில் நிக்க 675 மீட்டர், 2 + 50 = 52 வினாடி. அதுக்குள்ள யானை 5 × 52 = 260 மீட்டர் ஓடியிருக்கும். 675 − 260 = 415. இடைவெளி 430. 15 மீட்டர்ல தப்பிச்சுடுது.

கோவிந்தாபுரம் காவியா

தப்பாது. முடிவுக் கணத்தைத் தப்பா எடுத்திருக்கே. ரெண்டும் ரொம்பக் கிட்ட வர்றது ரயில் நிக்கும்போது இல்லை, ரயிலோட வேகம் யானையோட வேகத்துக்குச் சமமா குறையும்போது. அதுக்கப்புறம் யானைதான் வேகம், இடைவெளி மறுபடி கூடும். நீ பாத்தது கூடின பிறகு இருக்கற இடைவெளியை.

யானை மேல உட்கார்ந்து பாரு. ரயில் 20 மீ/வினாடியில நெருங்குது. முதல் 2 வினாடியில 40 மீட்டர். அப்புறம் நெருங்கற வேகம் 20-ல இருந்து 0 ஆகணும்: 400 ÷ (2 × 0.5) = 400 மீட்டர். மொத்தம் 440. இடைவெளி 430.

நீட் ரிப்பீட்டர்

சரிதான் அக்கா. பிரேக் பிடிச்சப்புறம் மிச்சம் 390 மீட்டர். 20டி − 0.25டி² = 390. டி² − 80டி + 1560 = 0. டி = 40 − √40 = 33.7 வினாடி. அந்த நேரத்துல நெருங்கற வேகம் 20 − 0.5 × 33.7, சுமார் 3.2 மீ/வினாடி. இன்னொரு வேர் 46.3 வருதே, அது என்ன?

மீனாட்சிபுரம் மாஷ்

மோதாமல் பக்கத்துத் தண்டவாளத்தில் யானை ஓடினால், 33.7-ல் எஞ்சின் முகப்பு அதை முந்தும், 46.3-ல் யானை அந்த முகப்பைத் திரும்ப முந்தும். அப்போது ரயிலின் வேகம் 25 − 23.2 = 1.8 மீ/வினாடி, இன்னும் நிற்கவில்லை. 46.3 வினாடி 50-க்குள் இருப்பதால் இந்த வேரும் செல்லும். 50-ஐத் தாண்டியிருந்தால் ரயில் நின்றுவிட்டது, புதுக் கட்டம், சமன்பாட்டை மாற்றி எழுத வேண்டும்.